கலஹா சாலையில் ஒரு பல்கலைக்கழகம்

றம்புக்கனை – கடுகண்ணாவை

கொழும்புக் கோட்டையில் பதுளை ரயில் ஏறுகிறவர்கள் வலப்பக்க சன்னலுக்கு அடித்துக்கொள்வார்கள். ஏன் என்பது றம்புக்கனை தாண்டியதும் தெரிந்துவிடும். அதுவரை தென்னந்தோப்பும் வயலுமாகச் சமதரையில் வந்த தண்டவாளம் அங்கே மலையின் விலாவைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. இடப்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் நீர் கசியும் பாறையும் பெரணிச் செடிகளும். வலப்பக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியில் படிப்படியாக வயல், எதிரே உச்சி தட்டையான பைபிள் பாறை. வளைவுக்கு வளைவு அது முகம் மாற்றுகிறது. மதுரைக்காரனுக்கு மலை என்றால் யானைமலையும் நாகமலையும்தான்; வெயிலில் கொதிக்கும் மொட்டைப் பாறை. இங்கே பாறையைத் தேட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றின் மேலும் பச்சை ஏறிக் கிடக்கிறது.

இந்தப் பாதை கண்டியை எட்டியது 1867 இல். மலையில் விளைந்த காப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை. அதே ஆண்டில்தான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். பிறகு இலைநோய் வந்து காப்பி அழிந்தது. ரயில் தேயிலையை இறக்க ஆரம்பித்தது. காப்பிக்கும் சரி, தேயிலைக்கும் சரி, ஆள் போனது எங்கள் பக்கத்திலிருந்து. "கண்டிச்சீமைக்குப் போயிட்டான்" என்று என் பாட்டி யாரையாவது சொன்னால், அந்த ஆளைப் பற்றி மேற்கொண்டு யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

எதிர் இருக்கையில் ஹட்டனுக்குப் போகும் குடும்பம். "ஐயா இந்தியாவா?" என்று குடும்பத் தலைவர் பேச்சைத் தொடங்கினார். மதுரை என்றேன். "எங்க தாத்தாவுக்கும் அந்தப் பக்கந்தானாம். ஊர்ப் பேருதான் யாருக்கும் ஞாபகம் இல்ல" என்றார், ஏதோ சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாதவர் சொல்வதுபோல். அதற்குள் இறால் வடைக்காரர் வந்துவிட்டார். பருப்பு வடையின் முதுகில் முழு இறால் ஒன்று, மீசையோடு, மொறுமொறுவென்று பொரிந்திருந்தது. பொட்டலம் கட்டிய தாள் ஏதோ ஒரு பள்ளிப் பிள்ளையின் கணக்குக் கொப்பியிலிருந்து கிழித்தது. சிங்களத்தில் எழுதிய வகுத்தல் கணக்கு. சிவப்பு மையில் பத்துக்கு ஏழு. எண்ணெய் பரவிப் பரவி அந்த ஏழு மட்டும் இன்னும் பளிச்சென்று ஆனது.

பேராதனைச் சந்தி

பேராதனைச் சந்தியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கண்டி, மாத்தளைப் பக்கம். மற்றது ஹட்டன், நானுஓயா வழியாகப் பதுளைக்கு. குடும்பத்துக்குக் கையசைத்துவிட்டு இறங்கினேன்.

அருகில்தான் 1821 இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் 147 ஏக்கர். இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இந்தப் பூங்காவில்தான் வைத்திருந்தார். கண்டிக்கு வருகிற எல்லோரும் இதைப் பற்றி எழுதியாயிற்று, நான் விட்டுவிடுகிறேன். புல்வெளி நடுவே விழுதும் கிளையுமாகக் குடைவிரித்து நிற்கும் சாவகத்து அத்தியை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் நிழலில் ஒரு கல்யாணப் பந்தியே போடலாம்.

சாப்பாடு சந்திக்கு அருகே ஒரு சைவக் கடையில். தட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்து, அதன் மேல் சிவப்பரிசி இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். சாப்பிட்டு முடித்ததும் தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு அதே தட்டில் அடுத்தவருக்கு அடுத்த தாள். தட்டு கழுவும் வேலை மிச்சம். தாள் போய்ச் சேரும் இடம் மகாவலியாக இல்லாதிருந்தால் சரி. சம்பலில் மாசிக்கருவாடு இல்லையே என்று கேட்டு வைத்தேன். "சைவக் கடையில அதக் கேக்கலாமா அண்ணே?" என்று கல்லாவில் இருந்தவர் சிரித்தார். அடுத்து வந்த வெறுந்தேத்தண்ணியில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். சொந்த ஊரில் பால் இல்லாத தேநீரைக் காய்ச்சல்காரனுக்குத்தான் கொடுப்பார்கள். இங்கே அதன் நிறத்தையும் மணத்தையும் பார்த்த பிறகு பாலை ஊற்ற மனம் வரவில்லை.

செனட் மண்டபம்

சந்தியிலிருந்து கலஹாவுக்குப் போகும் சாலையில் நடந்தால், பல்கலைக்கழகத்துக்குள் எப்போது நுழைந்தோம் என்பதே தெரியாது. பெரிய வாசல், காவலர், 'எங்கே போறீங்க' விசாரணை எதுவும் கிடையாது. பொதுச்சாலை, அதில் பஸ்ஸும் லாரியும் ஆட்டோவும். இருபுறமும் திடீரென்று புல்வெளி விரிந்து, ஓட்டுக்கூரைக் கட்டடங்கள் மரங்களுக்கு இடையே தலைகாட்ட ஆரம்பித்தால் வளாகம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒருபுறம் ஹந்தானை மலைத்தொடர், மறுபுறம் மகாவலி. இரண்டுக்கும் நடுவே சுமார் 700 ஹெக்டேர்.

நான் படித்த மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் மலையடிவாரம்தான். நாகமலைக்குக் கீழே, கருவேலமும் செம்மண்ணும், வெயிலில் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போவதற்குள் நாக்கு வறண்டுவிடும். அதையே மலைச்சாரல் என்று நம்பிக்கொண்டு நாங்கள் கவிதை எழுதினோம். இங்கே ரொபரோசியா மரங்கள் பூத்திருந்த சமயம். இலையே இல்லாத கிளைகளில் இளஞ்சிவப்பு. கீழே தார்ச்சாலை முழுக்க உதிர்ந்த பூ; பஸ் போகும்போது சக்கரத்தோடு எழும்பி மறுபடி விழுகிறது. "பூ வந்திட்டுதெண்டால் சோதனையும் வந்திட்டுது அண்ணா" என்றான், புல்வெளியில் குறிப்புத் தாள்களைப் பரப்பி வைத்திருந்த யாழ்ப்பாணத்துப் பையன். பூவை ரசிக்கும் நிலையில் அவன் இல்லை.

இந்த அழகு தற்செயலாக அமைந்ததில்லை. ஒவ்வோர் அடியும் திட்டமிட்டது. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 இலேயே சங்கம் கூட்டியவர் சர் பொன்னம்பலம் அருணாசலம். அதைக் கொழும்பில் வைப்பதா கண்டியில் வைப்பதா என்று ஊர் இரண்டுபட்டு வருடக்கணக்கில் சண்டை போட்டது. 1942 இல் கொழும்பில் பல்கலைக்கழகம் பிறந்தபோது முதல் துணைவேந்தராக வந்தவர் ஐவர் ஜெனிங்ஸ், அரசியல் சட்ட நிபுணர். அவரது கனவு, மாணவரும் ஆசிரியரும் ஒரே இடத்தில் தங்கிப் படிக்கும் கேம்பிரிஜ் பாணிப் பல்கலைக்கழகம். அதற்குக் கிடைத்தது பேராதனையில் இருந்த ஒரு பழைய தோட்ட நிலம். இலண்டன் மாநகருக்குத் திட்டம் தீட்டிய பட்ரிக் அபர்குரொம்பியும் கிளிஃபர்ட் ஹாலிடேயும் வரைபடம் போட்டார்கள். ஷெர்லி டி அல்விஸ் கட்டடங்களை எழுப்பினார். 1952 இல் மாணவர்கள் வந்து சேர்ந்து, வகுப்புகள் இரண்டு ஆண்டு நடந்த பிறகு, 1954 ஏப்ரலில் எலிசபெத் அரசியோடு வந்த இளவரசர் பிலிப் இதை முறைப்படி திறந்து வைத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைப்பதாக அவர் சொன்னாராம். இங்கே எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை அது.

செனட் மண்டபத்தின் படிகளில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்டி மன்னர்களின் சபாமண்டபத்தை நினைவூட்டும் தூண்வரிசை, தாழ்ந்து இறங்கும் ஓட்டுக்கூரை. ஓரிடத்திலாவது மலையை மறைத்துக்கொண்டு ஒரு கட்டடம் நிற்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எந்தக் கட்டடமும் மரத்தைவிட உயரவேண்டும் என்று ஆசைப்படவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் தனியார் கல்லூரிகள் முகப்பில் ரோமாபுரித் தூண்களை நட்டு, கண்ணாடி ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு வைத்தியம்.

விடுதிகளில் ஒன்றின் பெயர் அருணாசலம் மண்டபம், இன்னொன்று அவர் தமையன் பெயரில் இராமநாதன் மண்டபம். அருணாசலம் இந்த வளாகத்தைப் பார்க்கவில்லை. தலயாத்திரை வந்த இடத்தில், 1924 ஜனவரியில், மதுரையில் காலமானார். எங்கள் ஊரில் இதை நினைவு வைத்திருப்பவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கே இங்கு வரும் முன் படித்தபோதுதான் தெரியும்.

திறந்தவெளி அரங்கு

மாணவர்கள் அதைச் சிங்களத்தில் 'வல' என்கிறார்கள். பள்ளம்தான். சரிவில் அரைவட்டமாக இறங்கும் இருக்கைகள், அடியில் மேடை, சுற்றிலும் மரங்கள். இப்போது எதிரிவீர சரச்சந்திரவின் பெயர். நான் போனபோது கீழே நாலைந்து சிங்கள மாணவர்கள் ஏதோ ஒத்திகையில் இருந்தார்கள். மத்தளக்காரப் பையன் அதே நாலு தட்டைத் தப்பாமல் திரும்பத் திரும்ப வாசிக்க, ஆடும் பெண் அதே இடத்தில் கால் இடறி, அதே இடத்தில் சிரித்தாள்.

இந்த வளாகத்தில் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே ஆசிரியராக இருந்த சரச்சந்திர, சிங்களத்துக்கென்று ஒரு நாடக வடிவத்தைத் தேடிக் கிராமம் கிராமமாக அலைந்தவர். அவர் கையில் கிடைத்தது 'நாடகம' என்ற பழைய கிராமியக் கூத்து. அதன் வேர் தமிழ்க் கூத்தில். கடலோரக் கத்தோலிக்கர் வழியாகச் சிங்களத்துக்குப் போனது. அதை வைத்து அவர் செய்த 'மனமே' 1956 நவம்பரில் கொழும்பில் மேடையேறியது. சிங்களம் மட்டுமே அரச கருமமொழி என்று சட்டம் வந்ததும் அதே 1956 இல்தான், ஜூன் மாதம். தமிழ்க் கூத்தின் பேரப்பிள்ளை சிங்கள மேடையின் முகமாக மாறிய வருடமும், தமிழை அலுவலகத்துக்கு வெளியே நிறுத்திய வருடமும் ஒன்று.

கதை அத்தோடு நிற்கவில்லை. தமிழ்த்துறையில் இருந்த சு. வித்தியானந்தன், சரச்சந்திர செய்ததைப் பார்த்துவிட்டு மட்டக்களப்புக்குப் போனார். விடிய விடிய ஆடும் கூத்துகளைப் பார்த்து, கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரை அழைத்து, மாணவர்களைப் பழக்கி, இரவு முழுவதும் ஓடுவதை மேடைக்கேற்றபடி சுருக்கி, 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' என்று கொண்டுவந்தார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் ஈழத்து அரங்கின் பேராசிரியரானார். நகரத்துப் படித்தவர்கள் பட்டிக்காட்டுச் சமாசாரம் என்று தள்ளி வைத்திருந்த கூத்து, பேராதனையின் புல்வெளியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தமிழுக்கே திரும்பியது. நம் பல்கலைக்கழகங்களில் தெருக்கூத்து ஆய்வேட்டுத் தலைப்பாக வரும். ஆசிரியரே மாணவர் காலில் சலங்கை கட்டிவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தமிழ் விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் படித்த வளாகமும் இதுவே. பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகளுக்கு மட்டும் பேராதனை கிடைக்கவில்லை. 'யாழ் நூல்' வெளிவந்த 1947 இலேயே போய்விட்டார்.

மகாவலிக் கரை

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொறியியல் பீடம். நடுவே ஒரு நடைபாலம். மகாவலி, இலங்கையின் மிக நீளமான ஆறு, 335 கிலோமீட்டர், இங்கே பாறைகளுக்கு இடையில் பழுப்பாக நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. வைகைக்கரையிலிருந்து போனவன் ஓடுகிற ஆற்றைக் கண்டால் நின்று பார்ப்பான். நின்றேன். பின்னால் வந்த மாணவர்கள் பொறுமையாக ஒதுங்கிப் போனார்கள்.

மண்ணியக்கவியல் படித்த எவருக்கும் துரைராஜா என்ற பெயர் தெரிந்திருக்கும். களிமண் அழுத்தத்தில் எப்படி இளகும் என்பது குறித்து 1963 இல் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் கேம்பிரிஜில் எழுதிய கட்டுரை இன்றும் பாடம். இந்தப் பீடத்தின் பீடாதிபதியாக இருந்து, பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர். 1960களின் கடைசியில் பொறியியலுக்குத் தேர்வானவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் தமிழர். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. இடம் கிடைக்கத் தமிழில் தேர்வு எழுதியவனுக்கு ஒரு மதிப்பெண், சிங்களத்தில் எழுதியவனுக்கு வேறு. யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு தலைமுறையே கசந்துபோனது அதில்தான்.

அந்த யாழ்ப்பாணத்துப் பையன் வளாகத்தைச் சுற்றிக்காட்ட என்னோடு வந்திருந்தான். அல்விஸ் குளத்தைக் காட்டினான், அல்லி பூத்த சின்னக் குளம். "இந்த இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீங்களோ?" என்றான். கேள்விப்பட்டிருந்தேன். 1983 மே மாதம், ஜூலைக் கலவரத்துக்கு முன்பே, தமிழ் மாணவர்கள் இந்த வளாகத்தில் தாக்கப்பட்டு விடுதிகளைவிட்டு ஓடினார்கள். ஆறு ஆண்டு கழித்து, ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட 1989 இல், கொல்லப்பட்ட இளைஞர்களின் வெட்டுண்ட தலைகள் இந்தக் குளத்தைச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. இரண்டு நடந்தபோதும் அவன் பிறக்கவில்லை. "அம்மா இஞ்ச விட மாட்டன் எண்டு நிண்டவ. இப்ப அவவே வந்து படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பினவ" என்று சிரித்தான். குளக்கரையில் இரண்டு சிங்கள மாணவிகள் அவனைக் கண்டதும் ஏதோ கேட்க, அவன் சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டு, "நோட்ஸ் கேக்கினம்" என்றான்.

குறிஞ்சிக் குமரன் கோயில்

மலை ஏறினால் முருகன். வளாகத்தின் மேட்டில், ஹந்தானைச் சரிவில், தமிழ் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து வளர்த்த கோயில். கீழே பௌத்த விகாரை, தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் உண்டு. முருகனுக்கு மட்டும் ஏற்றம். நல்ல ஏற்றம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கணுக்காலில் என்னவோ குளிர்ச்சியாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தால் அட்டை. பிடுங்கினால் விரலில் ஒட்டிக்கொள்கிறது. விரலிலிருந்து உதறினால் மற்ற விரலில். பின்னால் வந்த பெண்ணொருத்தி பையிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்து நீட்டினாள். "தேய்ச்சு விடுங்க சேர், தானா விழுந்துரும்." விழுந்தது. ஹட்டன் பக்கம் தோட்டத்துப் பிள்ளை, தமிழ்ச் சிறப்புப் பாடம் எடுத்திருக்கிறாள். அவளுடைய லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளிலிருந்து, பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆள்.

பூசை முடிந்து சுண்டலும் பஞ்சாமிர்தமும் கொடுத்தார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், மூன்று பக்கத்துத் தமிழும் ஒரே திண்ணையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தன. இது அபூர்வம் என்பது வெளியூர்க்காரனுக்குச் சட்டென்று உறைக்காது. மலையகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் ஒரே விடுதியில் தூங்கி ஒரே கன்டீனில் தின்று பழகுகிற இடம் நாட்டில் அதிகமில்லை. "வந்த புதுசுல என் பேச்ச கேட்டு, நீங்க இந்தியாவான்னு கேட்டாங்க சேர். நாலு தலைமுறையா இங்கதான்னு சொன்னேன்" என்றாள் அந்தப் பெண். மழை விட்டதும் கீழே வளாகம் முழுதும் தெரிந்தது: ஓட்டுக்கூரைகள், ஆறு, நடுவே கறுப்பாகக் கலஹா சாலை.

கலஹா பஸ்

மறுநாள் அந்தச் சாலையின் மறுமுனையைப் பார்க்கப் புறப்பட்டேன். சிவப்பு நிற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ், லங்கா அசோக் லேலண்ட். எண்ணூரில் பிறந்த குடும்பம் என்பதால் குலுக்கலும் பழகிய குலுக்கலாகவே இருந்தது. வளாகத்தைத் தாண்டி ஹிந்தகலைக்கு மேல் ஏறத் தொடங்கியதும் காற்று மாறுகிறது. வளைவு தாண்டி வளைவு, பிறகு தேயிலை. இதே சாலையைப் பிடித்து மேலே போனால் டெய்லரின் லூல்கந்துரை.

என் பக்கத்தில் ஓர் அம்மா, கண்டியில் வாங்கிய அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு. பையின் வாயைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். ஆட்காட்டி விரலின் உள்பக்கம் நெடுக, ரேகைக்குள் ரேகையாகக் கறுப்புக் கறை. கொழுந்தின் சாறு ஏறி ஏறிப் படிந்தது, சோப்புக்குப் போகாது. கம்பஸைப் பார்க்க வந்தேன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உள்ள எல்லாம் போயி பாத்தீங்களா ஐயா?"

பார்த்தேன் என்றேன்.

"நாங்க பஸ்ல போறப்ப பாக்குறதுதான். அந்த ரோஸ் பூவு பூத்தா இவ சன்னல் பக்கம் யாரையும் உக்கார விடமாட்டா." முன்னிருக்கையில் இருந்த மகளைக் காட்டினார். அவள் திரும்பவில்லை. காதில் இயர்போன்.

மகள் உயர்தரத்தில் பயோ எடுத்திருக்கிறாள். முதல் தடவை தேறினாள், ஆனால் வெட்டுப்புள்ளி எட்டவில்லை. இந்த நாட்டில் பல்கலைக்கழக இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் தகுதிப்படி. நூற்றுக்கு 55 எல்லா மாவட்டங்களுக்கும் மக்கள்தொகைப்படி. மீதி 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. கண்டி இல்லை. கண்டி நகரத்தின் பேர்போன பள்ளிக்கூடங்களும் அவற்றின் ஆய்வுகூடங்களும் டியூஷன் ஆசிரியர்களும் கண்டி மாவட்டக் கணக்கு. இந்த அம்மா கொழுந்து பறிக்கும் தோட்டமும் கண்டி மாவட்டக் கணக்குதான். பிள்ளை போட்டி போடுவது அவர்களோடு. இதை எந்த அதிகாரியும் கெட்ட எண்ணத்தில் செய்ததாகத் தோன்றவில்லை. வரைபடத்தில் கோடு அப்படி விழுந்திருக்கிறது. இதே மலைநாட்டு மக்களில் சுமார் 7 லட்சம் பேரின் குடியுரிமையை 1948 இல் ஒரு சட்டம் பறித்ததே, அந்தக் கோடு மட்டும் தெரிந்தே போட்டது.

"மலைக்கு அந்தாண்ட எறங்கினா ஹங்குரன்கெத்த. அது நுவரெலியா மாவட்டம். என் தங்கச்சியக் கட்டிக் குடுத்தது அங்கதான். அவ மக இவளவிட மார்க் கொறச்சல், ஐயா. அவளுக்குக் கெடச்சிருச்சு" என்றார் அந்த அம்மா. குரலில் பொறாமை இல்லை. கணக்கு புரியாத எரிச்சல்தான்.

"இப்ப என்ன செய்யிறாங்க மக?"

"ரெண்டாந்தரம் எழுதுறா. மூணு தரம் எழுதலாமாம். ஞாயித்துக்கெழம கண்டியில டியூஷன், இதே பஸ்தான். போக வர காசு, டியூஷன் காசு, எல்லாம் கைக்காசு கொழுந்துல" என்றார். நாட்கூலியில் சேராமல், பறிக்கிற கிலோவுக்கு ஏற்பக் கொடுக்கும் தனிக்கூலியைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நடத்துநர் சிங்களத்தில் ஏதோ கூவினார். அந்த அம்மா அரிசிப் பையை என் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்து, மகளின் காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கினார். "எறங்கு, எறங்கு. கெமிஸ்ட்ரியா கேக்குற, பாட்டா?" மகள் கைப்பேசியைத் தாயின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். திரையில் கரும்பலகை முன்னால் ஓர் ஆசிரியர், பென்சீன் வளையம் வரைந்துகொண்டிருந்தார். அம்மா அதை நம்பாமல் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, என்னிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு இறங்கினார்.